ஒரு கண்டக்டரின் முன்பல்

ஈறு அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். எப்படிக் கீறுவது, எப்படித் தைப்பது என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கடைசி மாதங்களில் உங்களில் சிலர் போட்ட தையலைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். என் தையலைவிட அழகாகவே இருந்தது. அதனால் கைவேலையை விட்டுவிடுகிறேன். என்னால் கெட்டுப்போகவிருந்த ஒரு சிகிச்சையையும், அதைக் காப்பாற்றிய இரண்டு பேரையும் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த இருவரில் ஒருவர் நோயாளி. இன்னொருவர் என் அறையில் உதவியாளராக இருந்த பெண்மணி.

நோயாளியின் பெயர் வேலுச்சாமி என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் வந்தபோது அவருக்கு முப்பத்தெட்டு வயது. மேல்வரிசையில் இடது முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. மற்ற பற்களெல்லாம் உறுதி. அந்த ஒரு பல்லைச் சுற்றி மட்டும் எலும்பு கரைந்து, எக்ஸ்ரேயில் குறுகலான கிணறு மாதிரி ஒரு பள்ளம் தெரிந்தது. வெளியே இரண்டு இடங்களில் பார்த்திருந்தார். இரண்டு பேரும் பல்லைப் பிடுங்கிவிட்டுப் பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் செயற்கைப் பல்லை, பாலம் மாதிரி, கட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். தவறான யோசனை என்று சொல்ல மாட்டேன். அந்தப் பல்லின் நிலை அப்படித்தான் இருந்தது.

"புடுங்காம எதாச்சும் வழி இருக்குதுங்களா டாக்டரம்மா?" என்று கேட்டார். "எங்கப்பாவுக்கு நாப்பது வயசுல இதே பல்லுதானுங்க மொதல்ல போச்சு. அதுக்கப்புறம் ஒண்ணொண்ணா எல்லாமே போயிருச்சுங்க. எனக்கு இந்த ஒண்ணு போனா மத்ததும் பின்னாலயே போயிருமோன்னு பயமா இருக்குதுங்க."

ஒரு பல் போனால் மற்றதும் போகும் என்று கட்டாயமில்லை. அதைச் சொன்னேன். ஆனால் அவர் பயம் எனக்குப் புரிந்தது. பள்ளத்தின் வடிவமும் நமக்குச் சாதகமாக இருந்தது. குறுகலாக, மூன்று பக்கமும் எலும்புச் சுவரோடு இருந்தது. அந்த மாதிரிப் பள்ளத்தில் இழந்ததை ஓரளவு திரும்ப வளர்க்க முடியும் என்று உங்களுக்குத் தெரியும்.

அதை வேலுச்சாமிக்கு எப்படி விளக்கினேனோ அப்படியே இங்கே எழுதுகிறேன். பள்ளத்தைச் சுத்தம் செய்து சும்மா மூடிவிட்டால், ஈறின் மேல்தோல்தான் முதலில் ஓடிவந்து அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும். அது வேகமாக வளர்வது. எலும்பும், பல்லை எலும்போடு கட்டிப் பிடிக்கும் நார்களும் மெதுவாக வருபவை. அவை வந்து சேர்வதற்குள் இடம் போய்விடும். அதனால் ஈறுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் மெல்லிய சவ்வு ஒன்றை வைத்து, ஈறை வெளியிலேயே நிறுத்துகிறோம். உள்ளே எலும்புக்கும் நார்களுக்கும் அவகாசம் கிடைக்கிறது. நாம் புதிதாக எதையும் வளர்ப்பதில்லை, வளர்வதற்கு இடம் பிடித்துத் தருகிறோம், அவ்வளவுதான்.

அவர் உடனே சொன்னார்: "அப்ப முண்டியடிச்சு ஏர்றவங்களை ஃபுட்போர்டுலயே நிறுத்திப்போட்டு, வயசானவங்க மெதுவா வந்து ஒக்கார சீட்டு புடிச்சு வெக்கறீங்க. அதானுங்க?"

அதுவரையான என் இருபத்தைந்து வருட அனுபவத்தில் அதைவிடச் சரியாக யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. நான் சிரித்தேன். அவருடைய அட்டையில் தொழில் என்ற இடத்தில் 'தனியார்' என்று மட்டும் எழுதியிருந்தது. இப்படிப் பேசுகிற மனிதர் என்ன வேலை பார்க்கிறார் என்று அப்போதாவது எனக்குக் கேட்கத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா, புகை உண்டா, வெற்றிலை புகையிலை உண்டா என்று எல்லாவற்றையும் கேட்டேன். எதுவும் இல்லை. ஒரு கேள்வியைக் கேட்காமலேயே தேதி குறித்துக் கொடுத்தேன்.

அறுவை சிகிச்சை நன்றாக நடந்தது. இன்று நீங்கள் பெரும்பாலும் தானாகக் கரைந்துபோகும் சவ்வைத்தான் வைக்கிறீர்கள். அன்று நான் வைத்தது கரையாத வகை. அந்த வகையைச் சில வாரம் கழித்து மறுபடி திறந்து வெளியே எடுக்க வேண்டும். அதுவரை ஈறு அதை முழுதாக மூடியிருக்க வேண்டும். சவ்வு வெளியே தெரிந்தால் வாயிலிருக்கும் கிருமிகள் அதன் மேல் ஒட்டி உள்ளே இறங்கும். கடைசித் தையலைப் போட்டபோது ஈறு இழுவையில்லாமல் படிந்திருந்தது. அன்று எனக்கு என் வேலையில் பெருமையாகக்கூட இருந்தது.

பதினான்காவது நாள் தையல் பிரிக்க வந்தார். வாயைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு தையல்கள் ஈறை அறுத்துக்கொண்டு வந்திருந்தன. நடுவில் அரிசி மணி நீளத்துக்கு வெள்ளையாகச் சவ்வு தெரிந்தது.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று அப்போது தெரியவில்லை. நாற்காலியில் இருந்தவர் மேல் காட்டினேன்.

"சிகரெட், பீடி எதுவும் வேண்டாம்னு அவ்வளவு சொன்னேனே."

"நான் குடிக்கறதில்லீங்க."

"அப்ப இது எப்படிப் பிரியும்? உங்க பல்லு. எங்கிட்ட மறைச்சா நஷ்டம் உங்களுக்குத்தானுங்க."

"சத்தியமா இல்லீங்க டாக்டரம்மா. சொன்ன மாத்திரை எல்லாம் போட்டேன். சொன்ன தண்ணியில கொப்புளிச்சேன். கஞ்சிதானுங்க குடிக்கறேன்." அவர் குரல் இறங்கிவிட்டது. தவறு செய்யாத ஒரு வளர்ந்த மனிதர் என் நாற்காலியில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கிடந்தார். இப்போது நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அந்த நேரத்தில்தான் எங்கள் சிஸ்டர் பேசினார். வெள்ளகோவில் பக்கத்துக்காரர். என்னைவிட இரண்டு வயது சின்னவர். பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டதால், நாங்கள் எல்லோரும் கூப்பிட்ட மாதிரி சிஸ்டர் என்றே எழுதுகிறேன். டாக்டர் கோபமாகப் பேசும்போது உதவியாளர் குறுக்கே பேசுவது வழக்கமில்லை. அவர் என்னிடம் பேசவும் இல்லை. நோயாளியின் சட்டைக் காலரைப் பார்த்துக் கேட்டார்.

"ஏனுங்ணா, கழுத்துல அதென்னங்க கவுறு?"

வேலுச்சாமி சட்டைக்குள்ளிருந்து கயிற்றை வெளியே எடுத்தார். நுனியில் விசில்.

"கண்டக்டருங்க. காந்திபுரம் டு கருமத்தம்பட்டி. டூட்டிக்கு நடுவுல வந்தேன்."

"விசிலை எப்படிப் புடிப்பீங்க? கடிக்க வேண்டாம், வெரல்ல காட்டுங்க போதும்."

அவர் ஆள்காட்டி விரலை வாயருகே கொண்டுபோனார். விரல் நேராக அந்த இடது முன்பல்லின் அடியில் போய் நின்றது. மேல் உதடு இழுபட்டது. உதட்டோடு சேர்ந்து ஈறும் இழுபட்டு, பிரிந்த இடம் என் கண் முன்னால் இன்னும் கொஞ்சம் திறந்தது.

"ஒரு கையில டிக்கெட்டு, ஒரு கையில காசுங்க," என்றார் அவர். "விசிலு வாயிலதான் இருக்கும். காலையில ஏறுனா மத்தியானம் எறங்கற வரைக்கும் பல்லுலயே கவ்விக்கிட்டு இருப்பனுங்க. பதினஞ்சு வருசமாச்சு. அது வாயில இருக்கறதே தெரியாதுங்க."

முன்பல்லை மட்டும் சுற்றி எலும்பு ஏன் போனது என்று முதல் நாளே என்னை நானே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஈறு நோய் இருந்தது உண்மை. அதன் மேல் பதினைந்து வருடம் அந்தப் பல்லை ஆட்டிக்கொண்டே ஒரு விசில் இருந்திருக்கிறது. சிகிச்சை முடிந்து மூன்று நாள் விடுப்பு எடுத்துவிட்டு, நான்காம் நாள் அவர் மறுபடி விசிலைக் கவ்வியிருக்கிறார். கவ்வக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எனக்கே தெரியாததை எப்படிச் சொல்லியிருப்பேன்?

நாற்காலியை நிமிர்த்தி உட்கார வைத்தேன். "வேலுச்சாமி, இது உங்க தப்பு இல்லைங்க. உங்க வேலை என்னன்னு நான் கேட்டிருக்கணும். கேக்கலை. கேக்காம உங்களைத் திட்டிட்டேன். மன்னிச்சுக்கோங்க."

அவர் சங்கடப்பட்டுப்போனார். "அட, அதெல்லாம் எதுக்குங்க. நீங்க கேக்கலை, நானும் சொல்லலை. ஆளுக்குப் பாதின்னு வெச்சுக்கலாமுங்க. இப்ப என்ன பண்றதுன்னு சொல்லுங்க."

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். என் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, சவ்வை அன்றைக்கே எடுத்துவிடுவது. எனக்கு அதுதான் பாதுகாப்பு. தொற்று வராது, யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பதினான்கு நாளில் உள்ளே ஒன்றும் உருவாகியிருக்காது. பல் போன மாதிரிதான். இன்னொரு வழி, சீழ் இல்லாதவரை சவ்வை விட்டுவைப்பது. தினமும் இருவேளை கிருமிநாசினிக் களிம்பு தடவி, வாராவாரம் பார்த்து, இன்னும் மூன்று நான்கு வாரம் ஓட்டிவிட முடிந்தால் ஏதாவது மிஞ்சும். இந்த வழியில் நான் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் அவர் கையில்.

இரண்டையும் மறைக்காமல் சொன்னேன். இரண்டாவது வழி தோற்கலாம் என்றும் சொன்னேன்.

"விசில் இல்லாம வண்டி ஓடாதுங்களே," என்றார். ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு, "களிம்பக் குடுங்க. விசிலுக்கு நான் பாத்துக்கறனுங்க," என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் வந்தார். பிரிந்த இடம் பெரிதாகவில்லை. சவ்வின் மேல் படலம் படியாமல் சுத்தமாக இருந்தது. அதற்கடுத்த வாரமும் அப்படியே. இவ்வளவு சுத்தமாக வைத்திருப்பவரை நான் பார்த்ததில்லை. லீவு போட்டுவிட்டாரா என்று கேட்டேன். இல்லை, தினமும் டூட்டிதான் என்றார்.

"விசில்?"

"அதுக்கு ஒரு ஏற்பாடு பண்ணிப்போட்டனுங்க," என்று சொல்லிச் சிரித்தார். வாயை அகலத் திறக்காமல் கவனமாகச் சிரித்தார்.

அந்த வாரம் என் கார் பழுது பார்க்கப் போயிருந்தது. ஒரு நாள் மத்தியானம் வேலை சீக்கிரம் முடிந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கருமத்தம்பட்டி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். முதல் பஸ்ஸில் அவர் இல்லை. இறங்கி அடுத்ததில் ஏறினேன். அதில் இருந்தார். நல்ல கூட்டம். நான் முன்பக்கம் பெண்கள் இருக்கையில் இருந்தேன். அவர் பின்னால் இருந்ததால் என்னைப் பார்க்கவில்லை.

திடீரென்று பின்னால் 'பாம் பாம்' என்று சத்தம். தெருவில் சைக்கிளில் ஐஸ் விற்பவர்கள் அமுக்குகிற ரப்பர் பந்து ஹாரனின் சத்தம். பஸ் கிளம்பியது. அடுத்த நிறுத்தத்துக்கு முன்னால் ஒரே ஒரு 'பாம்'. பஸ் நின்றது. நான் திரும்பி எட்டிப் பார்த்தேன். வேலுச்சாமி தோளில் மாட்டியிருந்த பணப்பையின் வாரில் அந்த ஹாரனைக் கட்டி, ரப்பர் பந்தைக் கை இடுக்கில் வைத்திருந்தார். ஒரு கையில் டிக்கெட், ஒரு கையில் சில்லறை. முழங்கையை விலாவோடு ஒரு அழுத்து அழுத்தினால் நிற்கச் சொல்கிறார், இரண்டு அழுத்து அழுத்தினால் போகச் சொல்கிறார். வாய் காலியாக இருந்தது.

என் பக்கத்தில் விசைத்தறி வேலைக்குப் போகிற ஒரு பெண் இருந்தார். அவர் குரல் கொடுத்தார்: "ஏனுங்க ஐஸ்காரரே, ஒரு கருமத்தம்பட்டி குடுங்க!"

பஸ்ஸே சிரித்தது. வேலுச்சாமி கூட்டத்துக்குள் கையை நீட்டி டிக்கெட்டைக் கொடுத்தபடியே, "சேமியா ஐஸுங்களா அம்மணி, பால் ஐஸுங்களா?" என்றார். மறுபடி சிரிப்பு. தினமும் இது நடக்கிறது என்று தெரிந்தது. எத்தனை டிரிப், எத்தனை பேர், எத்தனை முறை இந்தக் கேலி. ஒரு பல்லுக்காக அந்த மனிதர் அத்தனையையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கருமத்தம்பட்டியில் எல்லோரும் இறங்கினார்கள். நான் கடைசியில் இறங்கினேன். டிரைவர் கீழே நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். வேலுச்சாமி எங்கே என்று பார்த்தேன். பஸ்ஸின் முன்பக்கக் கண்ணாடிக்கு, அதாவது டிரைவர் பின்னால் வரும் வண்டிகளைப் பார்க்கிற கண்ணாடிக்கு, முன்னால் நின்றுகொண்டிருந்தார். கை கழுவியிருந்தார். வாய் கொப்பளித்துத் துப்பினார். பணப்பையின் ஓரத்து அறையிலிருந்து என்னுடைய களிம்பையும் பஞ்சு சுற்றிய குச்சியையும் எடுத்தார். இடது கையால் மேல் உதட்டை, சிஸ்டர் சொல்லிக்கொடுத்த மாதிரியே, இழுக்காமல் மெதுவாகத் தூக்கி, அந்த அரிசி மணி அளவு இடத்தில் களிம்பைத் தொட்டுவைத்தார். சுற்றிலும் ஹாரன் சத்தம், தூசி, ஆட்கள். அவர் கண் அந்தக் கண்ணாடியை விட்டு நகரவில்லை. அறுவை அரங்கில் எத்தனையோ நிதானமான கைகளைப் பார்த்திருக்கிறேன். அன்று அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

நான் யாரென்று தெரிந்ததும் டிரைவர் சொன்னார். "ஓனருக்கு இது புடிக்கலைங்க. பஸ்ஸா ஐஸ் வண்டியான்னு சத்தம் போட்டாரு. நாந்தான் சொன்னேன், வண்டி ஓட்டறது நானு, எனக்குக் காதுல கேட்டாப் போதும், அது விசிலா இருந்தா என்ன, பீப்பியா இருந்தா என்னன்னு. அப்புறம் விட்டுட்டாருங்க."

அதற்குள் வேலுச்சாமி என்னைப் பார்த்துவிட்டார். ஓடி வந்தார். "டாக்டரம்மா! நீங்க எங்கீங்க இங்க?"

"ஐஸ் வாங்க வந்தேன்," என்றேன். டிரைவருக்குத் தண்ணீர் புரையேறியது.

ஐந்தாவது வாரம் ஈறின் ஓரம் சிவந்திருந்தது. விரலால் அழுத்தினால் பொட்டளவு சீழ் வந்தது. அவர் செய்யக்கூடியதையெல்லாம் செய்துவிட்டார். இனி காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே சவ்வை எடுத்துவிட முடிவு செய்தேன்.

ஈறைத் திறந்து சவ்வைப் பிரித்து எடுத்தேன். அடியில் பள்ளம் நிறைய சிவப்பாக ஏதோ இருந்தது.

அந்த ஒரு நிமிடத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? அந்தச் சிவப்பு இரண்டில் ஒன்றாக இருக்கலாம். தொற்று வந்து புண்ணில் வளர்ந்த கெட்ட சதையாக இருந்தால், சுரண்டி எடுக்காவிட்டால் எல்லாம் அழுகிப்போகும். புதிதாக உருவாகிவருகிற இளந்திசுவாக இருந்தால், சுரண்டினால் ஐந்து வாரத்தையும் அந்த மனிதர் பட்ட கேலியையும் நானே குப்பையில் கொட்டியதாகிவிடும். பார்க்க இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இருபத்தைந்து வருடமாகச் சிவப்பாக எதைக் கண்டாலும் சுரண்டியே பழகிய கை என்னுடையது. சீழைப் பார்த்த பயம் வேறு. கை தானாகவே சுரண்டும் கருவிக்காக நீண்டது.

சிஸ்டர் கருவியை எடுத்தார். ஆனால் உடனே என் கையில் வைக்கவில்லை. ஒரு நொடி பிடித்துக்கொண்டே நின்றார். "ரத்தம் ரொம்ப வரலைங்களே மேடம்," என்று தணிந்த குரலில் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

அவர் சொன்னது சரி. கெட்ட சதை தொட்டாலே ரத்தம் கொட்டும், துணுக்குத் துணுக்காக உதிரும். கருவியை வாங்கி, கூர்மையான பக்கத்தைத் திருப்பி, முதுகுப் பக்கத்தால் மெதுவாக அழுத்திப் பார்த்தேன். உதிரவில்லை. ரப்பர் மாதிரி உள்ளே போய்த் திரும்பி எழுந்தது. பல்லோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஓரத்தில், சவ்வு வெளியே தெரிந்த இடத்துக்கு நேர் கீழே மட்டும், கொழகொழவென்று கொஞ்சம் இருந்தது. அதை மட்டும் எடுத்தேன். மற்றதைத் தொடவில்லை. ஈறைக் கொண்டுவந்து இளந்திசு முழுதும் மூடும்படி தைத்தேன்.

வெளியே வந்து கையுறையைக் கழற்றினேன். சிஸ்டரிடம், "நல்ல வேளை நீங்க அதைச் சொன்னீங்க," என்றேன்.

"நான் என்ன சொன்னேன்? நீங்கதான் பாத்தீங்க," என்று சொல்லிவிட்டுக் கருவிகளைக் கழுவப் போய்விட்டார். அவரிடம் படிப்புப் பட்டம் எதுவும் இல்லை. என் தோளுக்குப் பின்னால் நின்று எத்தனையோ வாய்களைப் பார்த்திருந்தார். நான் பல்லைப் பார்க்கும்போது அவர் ஆளைப் பார்ப்பார். நான் கையை நீட்டும்போது அவர் என் முகத்தைப் பார்ப்பார். உங்கள் அறையில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் வாய் திறந்து பேசக்கூடிய மாதிரி உங்கள் அறையை வைத்துக்கொள்ளுங்கள். அன்று என் கோபத்துக்குப் பயந்து அவர் கயிற்றைப் பற்றிக் கேட்காமல் விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அதற்குப் பிறகு ஆறு மாதம் அந்தப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் கம்பி விட்டு ஆழம் அளக்கக் கூடாது. இளந்திசு முற்றுவதற்குள் கம்பியை விட்டால் கட்டியதையெல்லாம் கிழித்துவிடும். உங்களுக்கு இது பாடம். எனக்கோ பெரிய சோதனை. ஒவ்வொரு முறை அவர் வரும்போதும் ஒரே ஒரு தடவை லேசாக விட்டுப் பார்த்தால் என்ன என்று கை ஊறும். சிஸ்டருக்கு இது தெரிந்திருந்தது. வேலுச்சாமிக்கு வைக்கிற தட்டில் மட்டும் அளக்கும் கம்பி இருக்காது. நானும் ஏன் இல்லை என்று கேட்டதில்லை.

ஏழாவது மாதம் கம்பி தட்டில் இருந்தது. எக்ஸ்ரேவும் எடுத்தோம். பழைய படத்தையும் புதிய படத்தையும் வெளிச்சப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினேன். கிணறு முழுதாகத் தூர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். மேலே கொஞ்சம் பள்ளம் மிச்சமிருந்தது, சவ்வு வெளியே தெரிந்த அந்தப் பக்கத்தில். என் தவறு எவ்வளவு என்று எலும்பே குறித்து வைத்திருந்தது. ஆனால் அடியில், முன்பு கறுப்பாக இருந்த இடத்தில், சாம்பல் நிறத்தில் எலும்பு வந்திருந்தது. ஒன்பது மில்லிமீட்டர் ஆழம் இருந்த இடத்தில் நான்கு. பல்லை விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை.

வேலுச்சாமி படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "இந்த எலும்பு நீங்க வெச்சதுங்களா?"

"இல்லைங்க. நான் வெச்சதைத்தான் அன்னைக்கே எடுத்துட்டேனே. இது உங்களோடது. நீங்களா வளத்தது."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிஸ்டர் பஞ்சு டப்பாவை அடுக்குகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் விசிலைத் தொடவே இல்லை. நான்கு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்துகொள்ள வருவார், தவறாமல். நாங்கள் நோயாளி அட்டையில் ஒரு வரி சேர்த்தோம். 'வேலையில் வாயில் எதைக் கவ்விக்கொள்வீர்கள்?' என்று. தையற்காரர்கள் குண்டூசி என்றார்கள். தச்சர்கள் ஆணி என்றார்கள். பூக்கட்டுகிற ஒரு பெண்மணி, நூல் என்றார். இந்தப் பதில்களையெல்லாம் பார்த்தபோது, இதற்கு முன்னால் நான் சிகிச்சை செய்து தோற்ற சில வாய்கள் நினைவுக்கு வந்தன. அவர்களிடம் நான் கேட்டிருக்கவில்லை. எதனால் தோற்றது என்று இப்போது தெரிந்துகொள்ளவும் முடியாது.

என் கடைசி வாரத்தில் வேலுச்சாமியின் முறை வந்தது. இனி அவரை யார் பார்ப்பது என்பதற்காக உங்களில் ஒருவரை, பெயர் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும், நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். நான் எழுந்து கதவோரம் நின்றுகொண்டேன்.

"மெதுவாப் பாருங்க கண்ணு, அவசரமில்லை," என்று வேலுச்சாமியே அவருக்குத் தைரியம் சொன்னார்.

அந்தப் பெண் அளந்தார். எல்லா இடமும் சரி. அந்த முன்பல்லுக்கு வந்ததும் நிறுத்தி, மறுபடி அளந்தார். "அஞ்சு மேடம். போன தடவை நாலு."

இத்தனை வருடம் நின்றது, நான் ஓய்வு பெறுகிற வாரத்தில் இப்படியா என்று எனக்கு ஆகிவிட்டது. சாதாரண ஈறு வீக்கமாக இருக்கும், சுத்தம் செய்தால் இறங்கிவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அந்தப் பெண் அதற்குள் கம்பியைத் தட்டில் வைத்துவிட்டு, அட்டையை ஒருமுறை பார்த்துவிட்டு, கையுறையோடு கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "அண்ணா, இப்பவும் அதே பஸ்லதான் இருக்கீங்களா?"

"இல்லீங்க கண்ணு. டிக்கெட் வேலைய விட்டு ஆறு மாசம் ஆச்சு. முட்டிவலி, நிக்க முடியறதில்லை. இப்ப காந்திபுரத்துல டைம் கீப்பருங்க. ஒக்காந்த எடத்துல வண்டி வர்ற நேரம் போற நேரம் எழுதறது."

"என்ன வெச்சு எழுதுவீங்க?"

"பேனாவுலதான்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பேனாவை எடுத்துப் பார்த்தார். அதன் மூடி முழுக்கப் பல் தடம், மென்று மென்று வெளுத்திருந்தது.

மூன்று பேரும் அந்தப் பேனாவைப் பார்த்தோம். ஆறு மாதத்தில் அவர் ஒருமுறை என்னிடம் வந்துபோயிருந்தார். அன்று அவரோடு அரை மணி நேரம் ஊர்க்கதை பேசியிருக்கிறேன். வேலை மாறியதா என்று மட்டும் கேட்கவில்லை.

"மூடி இல்லாத பேனா ஒண்ணு வாங்கிக்கறீங்களாண்ணா?" என்றார் அந்தப் பெண். பிறகு விளக்கைத் தன் பக்கம் இழுத்து, சுத்தம் செய்ய ஆரம்பித்தார். என்னை அவர் எதுவும் கேட்கவில்லை. நான் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.